நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்தைந்து

என் உயிரைக் காப்பாற்ற முயன்ற இதய வைத்தியருக்கு நான் எழுத்தில் பொய் சொன்னேன். காரணம் வெட்கம். ஐம்பத்து நான்கு வயதில், நோர்வேயின் வெஸ்ட்லியில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்ச் சலவை அறையில், இரண்டு துணி மெசின்களுக்கு நடுவே நின்று, யூரோபீட் பாட்டுக்கு ஆடப் பழகிக்கொண்டிருந்தேன் என்று ஒரு வைத்தியத் தாளில் எப்படி எழுதுவது? "வாசிப்பு" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லால் நான்கு நாட்கள் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

அதற்கு முன்பே ஒரு பொய் இருந்தது. தொடக்கம் அங்கேதான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தனியே குடியிருக்கும் என் மகள் சாப்பிட வந்திருந்தாள். இருபத்து நான்கு வயது. அவளுடைய தொலைபேசியில் ஏதோ ஒரு பாட்டு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"ஜப்பான் பாட்டு அப்பா. மலையிலை கார் சறுக்கி ஓடுற கார்ட்டூன்களிலை வாறது."

"இது ஜப்பானில்லை. இத்தாலி," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வாசித்தவன், சிரித்தால் விடமாட்டேன். சோறு ஆறும்வரை வரலாறு சொன்னேன். எழுபதுகளின் டிஸ்கோவை அமெரிக்கா கைவிட்டபோது இத்தாலியர்கள் அதைக் குனிந்து பொறுக்கி எடுத்தார்கள். வயலின்காரர்கள் இருந்த இடத்தில் சின்தசைசர் வந்தது, மேளக்காரர் இருந்த இடத்தில் தாளப் பெட்டி வந்தது. பாட்டு ஆங்கிலத்தில், ஆனால் ஆங்கிலம் தெரிந்த யாரையும் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் கிளப்புகளில் அதற்கு இன்னும் கொஞ்சம் விறுவிறுப்பு ஏற்றினார்கள். யூரோபீட் என்ற பெயர் அந்தப் பக்கம்தான் புழக்கத்துக்கு வந்தது. எண்பதுகளின் கடைசியில் ஐரோப்பாவுக்கு இது அலுத்துப்போயிற்று. ஜப்பானுக்கு அலுக்கவில்லை. ஆகவே இத்தாலியர்கள் தங்கள் ஊரில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காத பாட்டுகளை ஜப்பானுக்கென்றே செய்து அனுப்பத் தொடங்கினார்கள். ஒரே பாடகிக்கு ஏழெட்டுப் பெயர். எங்கள் ஆட்கள் விமான நிலையங்களில்கூட இத்தனை பெயர்கள் வைத்திருந்ததில்லை. பிறந்த நாட்டில் கேட்பாரில்லை, போன நாட்டில் வேகம் கூடிவிட்டது. இதற்கு மேல் சொன்னால் உருக்கமாகிவிடும், நிறுத்துகிறேன்.

மகள் தொலைபேசியில் தட்டிப் பார்த்தாள். "சரிதான் அப்பா," என்றாள், கொஞ்சம் மரியாதையோடு.

அந்த மரியாதை எனக்குப் போதவில்லை. "கேட்டது மட்டுமில்லை, முகாமிலை நாங்கள் இதுக்கு ஆடாத ஆட்டமே இல்லை," என்றேன்.

உண்மை என்னவென்றால், நோர்வேக்கு வந்த புதிதில், அதன் வடக்கே இருந்த அகதி முகாமின் பொது அறையில் மற்றவர்கள் ஆடினார்கள். நான் சுவரோடு நின்று அவர்களுடைய குளிர் ஜாக்கெட்டுகளைக் காவல் காத்தேன்.

மனைவி தேநீர் வைக்க எழுந்து போனதும் மகள் என் காதுக்குக் கிட்ட வந்தாள். "அப்ப சித்திரையிலை அம்மான்ர அம்பதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் ரெண்டுபேரும் ஆடுவம். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

அப்படித்தான் நான் பராபராவுக்குள் மாட்டினேன். பெயரைக் கேட்டால் கோயிலில் விழுந்து கும்பிட வேண்டும்போல் இருக்கும். ஆனால் இது தோக்கியோ டிஸ்கோக்களில் யூரோபீட்டுக்கென்று வளர்ந்த ஆட்டம். எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். கால்கள் இடம் வலமாக இரண்டடி மட்டும் போய்வரும். மிச்சமெல்லாம் கைகள், ஒவ்வொரு பாட்டுக்கும் தனியான கையசைவு. முழங்கால் நொந்த மனிதனுக்குத் தோதான ஆட்டம் என்று நினைத்தேன். வேகத்தை யோசிக்கவில்லை. தொடக்க கால இத்தாலியப் பாட்டுகள் நிமிடத்துக்கு நூற்றிருபது தாள அடி சொச்சத்தில் நடந்தன. ஜப்பானுக்குப் போய் ஏறி ஏறி, மகள் தேர்ந்தெடுத்த பாட்டு நூற்று ஐம்பத்தைந்தில் நின்றது. அந்த எண்ணை அவள்தான் சொன்னாள். அப்போது அது வெறும் எண்.

வீட்டில் பழக முடியாது. எங்கள் கட்டடத்தின் சலவை அறைக்கு வெளியே ஒரு பலகை இருக்கிறது. வேண்டிய நாளிலும் மணியிலும் உங்கள் பூட்டைக் கொளுவிவிட்டால் அந்த நேரம் உங்களுடையது. தை மாதத்திலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை ஆறிலிருந்து எட்டுவரை என் பூட்டு தொங்கியது. துணி தோய்க்க நானாகவே முன்வந்ததைக் கண்டு மனைவி முதலில் சந்தேகப்பட்டாள், பிறகு அதை அனுபவிக்கப் பழகிவிட்டாள்.

மாசியில் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையத்தின் படிகளில் நெஞ்சு ஒருமுறை புரண்டது. பையில் அடைத்த மீன் புரளுவது மாதிரி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லோரன்ஸ்கோக்கில் நான் வேலை செய்யும் கிடங்கில் அன்று ஒரு பெட்டியைக்கூட நான் ஒழுங்காகத் தூக்கவில்லை.

என் அப்பா ஐம்பத்து நான்கு வயதில் இறந்தார். காலையில் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுபோன அம்மா, ஏதோ முக்கியமான செய்தி போல, இவர் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தா. எனக்கு அந்தக் கதிரையும் தெரியும், அந்த வயதும் இப்போது தெரியும்.

குடும்ப வைத்தியர் என்னை இதய நிபுணரிடம் அனுப்பினார். அங்கே ஒரு தாதி நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, சின்னப் பெட்டி ஒன்றை இடுப்பில் கட்டினாள். இருபத்து நான்கு மணி நேரம் இதயத்தை அது பதிவு செய்யும். கூடவே ஒரு தாள். எந்த மணிக்கு என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும்.

"வழக்கம்போல் இருங்கள். எதையும் மாற்ற வேண்டாம்," என்றாள்.

அன்று புதன்கிழமை. பலகையில் என் பூட்டு தொங்கியது. வெஸ்ட்லியில் பூட்டுப் போட்ட சலவை நேரத்தைத் தவறவிட்டவனை அயலவர்கள் மன்னிப்பதில்லை. சட்டைக்குக் கீழே கம்பிகளோடு இறங்கிப்போனேன். மெசின்களை ஓடவிட்டு, காதில் பாட்டைப் பொருத்தி, ஆறுமுறை ஆடினேன்.

ஐந்தாவது முறையில் கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை. நாலாம் மாடியில் இருக்கும் சென்னைப் பக்கத்து என்ஜினியர், காயவைத்து மறந்துபோன துணியை எடுக்க வந்தவர், கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"சார், சார், என்னாச்சு? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"எக்சசைஸ், தம்பி."

"ஓ," என்றார். நம்பிய முகமில்லை அது.

மேலே வந்து தாளை எடுத்தேன். குசினி மேசையில் வைத்தால் மனைவி வாசிப்பாள். அவள் மருந்துப் பெட்டிக்குள் கிடக்கும் தாளைக்கூட வாசிப்பவள். பிறந்தநாள் ரகசியம் போய்விடும். ரகசியத்தை விட்டாலும், அந்த அழகான நோர்வேஜியப் படிவத்தில் "ஆட்டம்" என்று எழுத என் கை மறுத்தது. ஆறேகாலிலிருந்து ஏழுவரை: வாசிப்பு.

வியாழன் காலை பெட்டியைக் கொடுத்தேன். மாலையே தொலைபேசி வந்தது.

"நேற்று மாலை உங்கள் பதிவில் ஒன்று இருக்கிறது. நிபுணர் திங்கட்கிழமை பார்க்க விரும்புகிறார்," என்றாள் தாதி. "அந்த நேரம் வாசித்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சரிதானே?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண நோர்வேக்காரன் சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சாதாரண நோர்வேக்காரன் இல்லை. இந்த நாட்டில் வந்திறங்கிய வாரம், எனக்கு முன் வந்த ஒருவர் முகாமில் வைத்துச் சொன்ன முதல் புத்தி இதுதான்: "தம்பி, எழுதிக் குடுத்ததை மாத்திப்போடாதை. ஒருக்கா மாத்தினியெண்டால் மிச்சமெல்லாம் பொய் எண்டுவாங்கள்." அகதி விசாரணையில் அதைக் கடைப்பிடித்து இங்கே நிலைத்தவன் நான். முப்பத்தைந்து வருடமாக வரிப் படிவத்திலோ, வீட்டுப் படிவத்திலோ எழுதிய ஒரு வரியை மாற்றியதில்லை. பயம் வந்தால் உடம்பு பழைய புத்தியைத்தான் கேட்கிறது.

"ஓம்," என்றேன். "வாசித்துக்கொண்டிருந்தேன்."

"என்ன புத்தகம்? விறுவிறுப்பானதா?"

"ஒரு வரலாற்று நூல்."

அந்தப் பக்கம் விசைப்பலகையில் எதையோ தட்டினாள். "திங்கள்வரை பாரம் தூக்க வேண்டாம். நெஞ்சு நொந்தால் உடனே அவசர இலக்கத்துக்கு அடியுங்கள்."

நீங்கள் கேட்கலாம்: ஆடினால் நெஞ்சு வேகமாக அடிக்கும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் ஆட்டத்தால் வந்ததா, ஆட்டம் கிளப்பிவிட்ட வேறு ஏதாவதா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவருக்கு நான் பொய்யான கணக்கைக் கொடுத்திருந்தேன். அவர் என் பொய்க்கு வைத்தியம் பார்ப்பார். அல்லது பொய்யின் மறைவில் உண்மையான நெஞ்சு வருத்தம் பிடிபடாமல் தப்பிவிடும். இரண்டில் எது மோசம் என்று மணிக்கட்டைப் பிடித்தபடி யோசித்தேன். நாடியை எண்ணப் போனால் அந்தப் பாட்டு தலைக்குள் தொடங்கிவிடும். எது நாடி, எது பாட்டு என்று பிரிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. நிலையத்துப் பாதையில் பனி உருகி மறுபடி உறைந்திருந்தது. விழுந்து செத்தால் அதுவும் ஒரு சாவுதானே என்று அதற்கும் பயந்தேன். பேப்பரை நின்றுகொண்டு வாசித்தேன். கதிரையில் இருக்கவேயில்லை. சனிக்கிழமை, வங்கிக் கடவுச்சொற்கள் எந்தக் கொப்பியில் இருக்கின்றன என்று மனைவியிடம் சும்மா சொல்வது போலச் சொன்னேன்.

"ஏன் இப்ப இதைச் சொல்லுறியள்?"

"சும்மாதான்."

அன்று பின்னேரம் அவள் கடைக்குப் போய்வந்து, பைகளை நிலத்தில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, லிப்டுக்கை அந்த நாலாம் மாடிப் பொடியன் கேட்டவன், சாருக்கு எப்பிடி இருக்கு எண்டு. துணி தோய்க்கிற வாஸ்கெரிக்கை உங்களுக்குக் கையெல்லாம் வெட்டி வெட்டி இழுத்ததாம். நான் பாத்துக்கொள்ளோணுமாம். எனக்கேன் ஒண்டும் சொல்லேல்லை?"

என் அப்பாவின் வயதும் கதிரையும் அவளுக்கும் தெரியும். அவள் முகத்தில் அதைப் பார்த்தேன். அதோடு என் பயம் இரண்டு பேருடைய பயமாயிற்று. நெஞ்சுப் பரிசோதனை என்று மட்டும் சொன்னேன். ஞாயிறு முழுக்க அவள் என்னை ஒரு கண்ணாடிப் போத்தலைப் போல வீட்டுக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்தாள்.

திங்கள் அவளும் வந்தாள். நிபுணர் ஒரு பெண், என்னிலும் பத்து வயதாவது குறைவு. திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இதுதான் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதயம் நூற்றிருபதுக்குப் போகிறது, நூற்று முப்பத்தைந்து, பிறகு நூற்று ஐம்பத்தைந்து. அங்கே நிற்கிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. ஆறு தடவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு நிமிடம்."

நான் திரையைப் பார்த்தேன். மிலானில் தொடங்கி தோக்கியோவில் முடிகிற அந்த வரலாறு முழுவதும் பச்சைக் கோட்டில் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் பாட்டின் நீளம். ஐந்தாவது மேட்டில் சின்னச் சறுக்கல் ஒன்று: என்ஜினியர் கூடையோடு நின்ற இடம்.

"சும்மா இருக்கும்போது இப்படி என்றால்," என்றார் நிபுணர், "உங்களை அனுமதித்து, தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த வாரமே."

மனைவி கைப்பையின் வாரைப் பிடித்திருந்தாள். விரல் வெளிறிவிட்டது. முகாமில் புத்தி சொன்னவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் எழுதியது பிழை," என்றேன். "வாசிக்கவில்லை. ஆடினேன்."

"என்ன?"

"ஆட்டம். யூரோபீட். கைகளால்."

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நிபுணர் பேனையை வைத்துவிட்டு, "காட்டுங்கள்," என்றார். கேலியில்லை, அவருக்குப் பதிவில் எண் வேண்டும். கம்பிகளை மறுபடி ஒட்டினார்கள். சட்டையில்லாமல், காலுறையோடு, என் மனைவிக்கு முன்னால், பாட்டை வாயால் முணுமுணுத்துக்கொண்டு அம்மனுக்குக் கற்பூரம் காட்டுவது போலவும் விமானத்துக்கு வழிகாட்டுவது போலவும் நான்கு நிமிடம் ஆடினேன். அதன்பிறகு சைக்கிளில் ஏற்றி, மூச்சு முட்டும்வரை மிதிக்கவிட்டார்கள். அந்தச் சைக்கிளில்தான் மிக அதிகமாகப் பயந்தேன், ஏனென்றால் இப்போது தாளில் எல்லாம் உண்மை. இனி வருவதற்கு ஒளிக்க இடமில்லை.

நிபுணர் நீளமான தாளைக் கிழித்து, முதலிலிருந்து கடைசிவரை விரலால் தடவி வாசித்தார்.

"நல்ல இதயம்," என்றார். "பயிற்சியில்லாத இதயம், ஆனால் நல்லது. படியில் புரண்டது சில இடைத் துடிப்புகள்; பதிவிலும் இருக்கின்றன, ஆபத்தில்லாதவை. கோப்பியைக் குறையுங்கள். ஆட்டம் என்று எழுதியிருந்தால் நாங்கள் உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டோம்."

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் மனைவி கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு, "ஆருக்காக ஆடினனீங்கள்?" என்று கேட்டாள்.

"உமக்குத்தான். பிறந்தநாளுக்கு."

அவள் அந்தப் பக்கம் திரும்பி, வராத பஸ்ஸைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள், பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

சித்திரையில் லில்லெஸ்ட்ரோமில் ஒரு மண்டபத்தில் ஆடினோம். மனைவி முன்வரிசையில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்து, கையைப் பார்க்காமல் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழவில்லை. கைதட்டினார்கள். கதிரைகளை அடுக்கும்போது மகள் பக்கத்தில் வந்தாள். நிபுணரின் திரையில் இருந்த என் இதயப் பதிவின் படத்தை ஏற்கெனவே அவளுக்கு அனுப்பியிருந்தேன்; இப்போது ஆட்டத்தின் வீடியோவையும் பார்த்து முடித்திருந்தாள்.

"கோவிக்காதேங்கோ அப்பா," என்றாள். "ரெண்டையும் வைச்சுப் பாத்தனான். உங்கடை உடம்பிலை தாளத்தோடை நிண்டது நெஞ்சு ஒண்டுதான்."