ஆபிரகாமின் பிள்ளைக்கு ஒரு சாப்பாடு

என் மாமியார் முப்பது வருடம் காசிமேட்டில் மீன் கூடை தூக்கியவர். தூக்கியதற்கெல்லாம் சேர்த்து வயிற்றில் ஒரு புடைப்பு வந்தது, தொப்புளுக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவு. குடலிறக்கம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். குடல் அதற்குள் மாட்டிக்கொண்டு அழுகினால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம், உடனே வந்து படுங்கள் என்று தேதியும் கொடுத்தார். அத்தை போகவில்லை. இரண்டாவதாகக் கொடுத்த தேதிக்கும் போகவில்லை. என் மனைவி அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் கேட்டால் அத்தை, யூதர்களுக்கெல்லாம் மூதாதை என்று பைபிள் சொல்லும் ஆபிரகாமிடம் போய்விடுவார். அவன் வம்சத்தை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்திருக்கிறார் அல்லவா? திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கும் சபையில், நாற்பது வருடமாக அத்தை முழங்காலில் நின்று இஸ்ரவேல் ஜனத்துக்காக ஜெபித்து வருகிறார். டி.வி.க்கு மேல் இஸ்ரேல் நாட்டுக் கொடிகூட ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த ஜனத்தில் ஒருவரைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"ஒரு ஆளையாவது இஸ்துகினு வா மாப்ள. என் கையால ஒரு வாய் சோறு போட்டுட்டு அப்பால கத்திக்குப் படுத்துக்கறேன்," என்றார் என்னிடம்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, முட்டை சப்ளை செய்வது என் பிழைப்பு. உலகத்து ஜனமெல்லாம் எண்ணூர் துறைமுகத்துக்கு வந்து என் கையால் முட்டைக்கோஸ் வாங்கிப் போகிறது என்பது அத்தையின் எண்ணம். அதில் ஒரு யூதர் இருக்கமாட்டாரா?

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்துக் கத்தோலிக்கர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். யூதர்களுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் திருச்சபைக்கு மாறி ரொம்ப நாளாகிவிட்டது, இனிமேல் நாம்தான் இஸ்ராயேல் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தவர், அதிலிருந்து ஓர் அங்குலம் நகராதவர். எங்கள் பங்குச் சாமியாரே ஒருமுறை, இப்போது திருச்சபை அப்படிச் சொல்வதில்லை, கடவுள் அவர்களுக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சாமியார் சின்னப் பையன், போகப் போகத் தெரிந்துகொள்வார் என்று அப்பா முடித்துவிட்டார்.

அத்தையின் பாஸ்டருக்கும் அப்பாவுக்கும் இதில் ஜென்மப் பகை. ஒலிவ மரத்தில் சில கிளைகளை முறித்து, காட்டு ஒலிவத்தின் கிளையை ஒட்ட வைத்ததாகப் பைபிளில் பவுல் எழுதியிருக்கிறார். அந்தக் காட்டுக் கிளை நாம், மரம் அவர்களுடையது, முறிந்த கிளையையும் கடவுள் மறுபடி ஒட்டுவார் என்பது பாஸ்டர் கட்சி. முறிந்தது முறிந்ததுதான் என்பது அப்பா கட்சி. இரண்டு பேருமே ஒலிவ மரத்தைப் பார்த்தது கிடையாது. ஒட்டு மாங்கன்றை வைத்துத்தான் சண்டை போட்டார்கள். என் கல்யாணத்தன்று பந்தியில் தொடங்கிய சண்டை, பதினொரு வருடமாகியும் ரசத்தைத் தாண்டவில்லை.

நான் தேட ஆரம்பித்தேன். முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கிவிட்டு, கப்பல் ஆட்களிடம் ஒவ்வொருவராக, நீங்கள் யூதரா என்று கேட்டேன். பிலிப்பைன்ஸ் சமையல்காரர் நான் மாறுவேடத்தில் வந்த போலீஸ் என்று நினைத்து எனக்கு ஐஸ்கிரீம் கொடுத்தார். ஒரு கிரேக்கர், வேண்டுமானால் ஒரு நாளைக்கு யூதராக இருக்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அவரையே கூட்டிப் போய்விடலாமா என்று நான் யோசித்தது உண்மை. அத்தையின் முகம் நினைவுக்கு வந்ததால் விட்டேன்.

நிலக்கரி இறக்க வந்த ஒரு கப்பலில், கருங்கடல் பக்கத்துத் துறைமுக ஊர்க்காரரான செகண்ட் இன்ஜினியரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, எதற்காகக் கேட்கிறாய், யாருக்குப் பட்டியல் எழுதுகிறாய் என்றார். குரல் உயரவில்லை, முகம்தான் மாறிப்போயிருந்தது. இந்தக் கேள்வியை இதற்கு முன்னால் அவர் வீட்டு ஆட்களிடம் எப்படிப்பட்டவர்கள் எதற்காகக் கேட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. மாமியார், குடலிறக்கம், ஆபிரகாம், மூன்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டினேன்.

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா யூதர், அம்மா யூதர் இல்லை, தான் எதையும் நம்புகிறவன் இல்லை, இஸ்ரேல் பக்கம் போனதே இல்லை என்றார். பிறகு, சாப்பாடு என்ன என்று கேட்டார்.

அப்பா மட்டும் யூதர் என்ற செய்தி இரண்டு வீட்டையும் கலக்கிவிட்டது. யூதர்கள் வழக்கப்படி தாய் வழியில்தான் கணக்கு என்று பாஸ்டர் தலையைச் சொறிந்தார். பாதி ஆளுக்குப் பாதி வாக்குதானா என்று என் அப்பா குத்தினார். நம்பிக்கையும் இல்லை என்றதும் இருவருக்கும் ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரே கவலை வந்தது. நம்பாதவருக்குச் சோறு போட்டால் அந்த ஆசீர்வாதம் சேருமா?

அத்தைதான் அதை முடித்து வைத்தார். "அந்தப் புள்ள நம்பலன்னா இன்னா? வாக்கு குட்த்தவரு அவரு. அவரு மாற மாட்டாரு," என்றார். பாஸ்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த சிக்கல் மீன். துடுப்பும் செதிலும் இல்லாததை அந்த ஜனம் சாப்பிடக் கூடாது என்று வேதத்தில் இருப்பதால் இறால், நண்டு, கடம்பாக் கணவாய் எல்லாம் அடிபட்டுப் போயின. விருந்தென்றால் வஞ்சிரம்தான், ஆனால் வஞ்சிரத்துக்குச் செதில் உண்டா? முப்பது வருடம் மீன் விற்றவர், காசிமேட்டில் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி வெயிலில் பிடித்து, நகத்தால் சுரண்டி, கண்ணாடியைப் போட்டு, கழற்றிப் பார்த்தார். செதில் இருந்தது, ஆனால் ஆண்டவருக்குத் தெரிகிற அளவுக்குத்தான் இருந்தது. மீன் விற்ற பெண், ஏமாத்து மீனா விக்கிறேன், இன்னா அக்கா இப்டி பேஜாரு பண்ற என்று அழாத குறை. கடைசியில் கொடுவா வாங்கினோம். கொடுவாவின் செதிலை யாரும் சந்தேகப்பட முடியாது. நண்டு வெந்த பழைய பாத்திரம் ஆகாதென்று சட்டி, கரண்டி எல்லாம் புதிது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரைக்கு இறங்கும் பாஸோடு இன்ஜினியர் வந்தார். தெருவே கதவில் நின்றது. பாஸ்டர் எருசலேமில் இப்போது வெயிலா மழையா என்று கேட்டார். அவர் ரொம்ப மரியாதையாகத் தன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னார். கொடியைக் காட்டி, இது ஏன் இங்கே என்று என்னிடம் கேட்டார். நாற்பது வருடமாக இந்த அம்மாள் உங்களுக்காக ஜெபிக்கிறார் என்றேன். எனக்காகவா என்று அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

இலை போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து என் அப்பா வந்து சேர்ந்தார், கையில் எங்கள் வீட்டு டிபன் கேரியர். அந்தச் சாப்பாட்டுச் சட்டத்திலிருந்து விடுதலை பெற்ற புது இஸ்ராயேல் என்ன சாப்பிடும் என்று காட்டுவதற்காகவே நண்டுத் தொக்கு கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தார். வாசனை வீட்டை நிறைத்தது. இன்ஜினியர் கொடுவாவிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கி, அது என்ன என்று கேட்டார். அப்புறம் நான்கு நண்டு சாப்பிட்டார். ஓட்டைக் கடித்து, காலை உறிஞ்சி, ராயபுரத்தில் பிறந்தவன் மாதிரி சாப்பிட்டார். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். தான் ஜெயித்தாரா தோற்றாரா என்று அப்பாவுக்கே புரியவில்லை. அத்தை மட்டும் ஐந்தாவது நண்டை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி கேட்டுவிட்டாள். சோறு போட்டாச்சு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று. அத்தை இலையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சொல்லுவதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்கு பயமா கீது நைனா," என்றார் என்னைப் பார்த்து. நாற்பது வருட ஜெபக்காரி, காசிமேட்டில் ஆண்களையே அதட்டியவர். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

என்ன சொல்கிறார் என்று இன்ஜினியர் கேட்டார். சொன்னேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, சட்டையைத் தூக்கி, பேன்ட் இடுப்பைக் கொஞ்சம் இறக்கினார். பாஸ்டர் பதறிப்போய் எழுந்தார். வயிற்றுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு தழும்பு. இதுவும் குடலிறக்கம்தான், இன்ஜின் ரூமில் பாரம் தூக்கி வந்தது என்றார். ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தபோது பயத்தில் அழுதேன், நான் நம்பாதவன், யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டேன் என்றார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். அத்தை அவர் சட்டையை இழுத்து மூடிவிட்டு, அவர் தலையில் கை வைத்தார். அவரும் குனிந்துகொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நாளன்று அப்பாவும் பாஸ்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தழும்பு கடவுள் காட்டிய அடையாளமா, தழும்பு இருக்கிற யார் வந்திருந்தாலும் போதுமா என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் கதவருகே நின்றது. அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் புள்ள கூப்ட ஆளில்லாம தனியா உள்ள போயிருக்கு மாப்ள. எனக்கு ஆளு கீது. நான் போறதுக்கு இன்னா?"

கையை விட்டார். கதவு மூடியது. நான் பூசைக்குப் போவதே வீட்டுச் சண்டைக்குப் பயந்துதான், அது என் மனைவிக்கும் தெரியும். அன்று அந்தக் கதவுக்கு முன்னால் நின்று அத்தைக்காக வேண்டினேன். அப்புறம் யாரும் சொல்லாமலே அந்த மனிதருக்காகவும் வேண்டினேன், அவருக்கு இனி ஒருபோதும் கூப்பிட ஆளில்லாமல் போகக் கூடாது என்று. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கதவு திறந்து, "நல்லா இருக்காங்க, கண்ணு முழிச்சிட்டாங்க" என்றார் நர்ஸ்.