கோமளாவின் கடைசி நாள் உபயம்

கிளேபாங் கடலோரத்தில் கோமளாவின் நாசி லெமாக் சோற்றுக் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. இளநீர் விற்கிறேன். அவள் வாய் பொல்லாதது என்று சொல்வார்கள். சொல்பவர்கள் எல்லாம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

அவள் புருஷன் புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் செத்து, காரியம் முடிவதற்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டத்தில் வேலை இருந்தால்தான் வீடு. பெட்டியும் கையுமாக ரோட்டில் நின்ற அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்பேன்.

அதே லயத்தில் வளர்ந்தவன் மாயாண்டி. ஒரு கடையை உடைத்து ஜெயிலுக்குப் போனான். அவன் உள்ளே இருக்கும்போதே தோட்டத்தை விற்று லயத்தை இடித்துவிட்டார்கள். வெளியே வந்தவனுக்கு நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? கோயிலில் வைத்து மொட்டை அடித்தார்கள். புது வேட்டி கொடுத்தார்கள். இலை நிறையச் சோறு போட்டு, "புத்தியா பொழைச்சுக்கடா" என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இவன் எங்கே படுப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பஸ் நிலையத்தில் படுத்தான். வேலை கேட்ட இடத்தில் அலாமாட் கேட்டார்கள். போலீஸ்காரரும் அலாமாட் கேட்டார். முகவரிக்கு அவன் எங்கே போவான்? மறுபடியும் ஒரு கடையை உடைத்தான். உடைத்துவிட்டு ஓடவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து போலீசுக்காகக் காத்திருந்தான்.

தொண்ணூற்றாறில் அவன் மீண்டும் வெளியே வந்தபோது திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் அதே மொட்டை, அதே வேட்டி. கோமளா என்னையும் இழுத்துக்கொண்டு கோயில் தலைவர் சாமிநாதனிடம் போனாள். அவர் லாரி வைத்திருப்பவர். குரலும் லாரி மாதிரிதான்.

"அண்ணே, வாணவேடிக்கைக்கு வசூல் பண்றீங்கள்ல? அதுல கொஞ்சம் எடுத்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிங்க. ஜெயில்ல இருந்து வர்ற நம்ம பிள்ளைங்க வேலை கிடைக்கிற வரைக்கும் தங்கட்டும்."

"கோயில் காசுல திருடனுக்கு வீடா? சாமி குத்தம் ஆயிடும்லா!"

"மொட்டை அடிச்சு வேட்டி குடுத்தப்ப அவன் திருடன் இல்லையா?"

"புத்தி இருந்தா திருந்துவான், கோமளா."

"புத்தி இருக்குண்ணே. படுக்கத்தான் இடம் இல்ல. உங்க வீட்டைப் பூட்டி சாவியை என்கிட்ட குடுங்க. ஒரு மாசம் பஸ் ஸ்டாண்டுல படுத்துட்டு வந்து புத்தி சொல்லுங்க."

நான் வாசலைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. திருவிழாவின் கடைசி நாள் அன்னதானம் எப்போதும் அவள் உபயம். அதற்கென்று வருஷம் முழுக்கச் சீட்டுப் போட்டுச் சேர்ப்பாள்.

"இந்த வருஷம் என் உபயம் அந்த வீடுதான். மைக்குல சொல்லிடுங்க" என்று எழுந்துவிட்டாள்.

அவர் சொல்லவில்லை. கடைசி நாள் பூசை முடிந்ததும் ஊரே பந்திக்கு உட்கார்ந்தது. இலை வரவில்லை. கோமளா நடுவில் நின்று மைக் இல்லாமலே கத்தினாள்.

"சோறு இங்க இல்ல. அடுத்த ஜாலான்ல, பச்சை கேட் வீட்டுல இருக்கு. அது மாயாண்டி இருக்கிற வீடு. பசிக்கிறவங்க வாங்க!"

முணுமுணுத்தார்கள். சிலர் திட்டினார்கள். முதலில், பந்தியில் மூத்தவரான கருப்பாயி அக்கா எழுந்து நடந்தார். பிறகு, பசி யாரை விட்டது, எல்லாரும் நடந்தார்கள்.

உபயக் காசு வாடகைக்குப் போய்விட்டதால் பாயசம் இல்லை. அரிசியும் காய்கறியும் கடலோரக் கடைக்காரர்கள் நாங்கள் கொடுத்தது. மாயாண்டி கேட்டருகே நின்று ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்று அழைத்தான். தன் வீட்டுக்கு யாரையும் அழைத்துப் பழக்கம் இல்லாதவன் அவன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிட்டு எழுந்தவர்கள் வழக்கப்படி காணிக்கையைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். அடுத்த மாத வாடகைக்கு அது வழி செய்தது.

கடைசியாகச் சாமிநாதன் வந்து உட்கார்ந்தார். "இதெல்லாம் கோயில் உபயத்துல சேராது, கோமளா."

"சேர வேணாம்ணே. ரசம் ஊத்தட்டுமா?"

கூட்டத்தைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். மாயாண்டியை அடையாளம் தெரிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் அலாமாட் எங்கே என்று கேட்டார். எல்லார் கையும் இலையில் நின்றது. மாயாண்டி கேட்டில் இருந்த நம்பரைக் காட்டினான்.

"இந்த வீடுதான்" என்று மலாயில் சத்தமாகச் சொன்னான். சொல்லிவிட்டு, சாமிநாதன் இலைக்கு அப்பளம் வைக்கப் போனான்.