தகரப் பெட்டிக்குள் ஐம்பது பன்

தொண்ணூறுகளில் ஒருநாள், கியர் வைத்த சைக்கிளில் சேலத்திலிருந்து மிதித்தே ஏறி வந்த ஒருவர் ஏற்காட்டில் எங்கள் கடை முன் நின்றார். ஆறு வாழைப்பழம் கேட்டார். "அவ்வளவு பசிங்களா?" என்றேன். "பசியே இல்லைங்க. பசிக்கறதுக்கு முன்னாடியே தின்னுடணும். பசிச்சப்புறம் தின்னா காலு பேச்சு கேக்காது" என்று சிரித்தார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இதைச் சொல்ல இத்தனை வருஷம் கழித்தா வருவாய்? அவர் என்ன செய்வார், பாவம். பழத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கடை எங்களைப் பெற்ற அத்தாவின் பேக்கரி. விடியும்போது சூடு ஆறாத பன்களைத் தகரப் பெட்டிகளில் அடுக்கி, பெட்டிக்கு ஐம்பது என்று கேரியரில் கட்டுவோம். அண்ணனுக்கு ஒரு சைக்கிள், எனக்கு ஒன்று. ஒருநாள் நாகலூர் பக்கத்துக் கடைகளுக்கு, மறுநாள் கொட்டச்சேடு பக்கத்துக் கடைகளுக்கு. எஸ்டேட் வழியே ஒரே மேடும் பள்ளமும். மதியம் தாண்டித்தான் வீடு திரும்புவோம்.

அத்தாவுக்கு ஒரு சட்டம் உண்டு. "பெட்டிய மூடிட்டா அது கடக்காரர் சரக்கு. அதுல ஒண்ண எடுத்தாலும் திருட்டுதான்." காலையில் ஆளுக்கு ஒரு சொம்பு கஞ்சி. அதற்குமேல் வழியில் ஒன்றும் கிடையாது.

நான் திருடினேன். முதல் பெரிய மேடு ஏறியதும் வளைவுக்கு அப்பால் மறைந்து நின்று ஒரு பன், பாதி தூரத்தில் இன்னொன்று. "ரெண்டு நசுங்கிப்போச்சுங்க, தூக்கிப் போட்டுட்டேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுவேன். அண்ணன் கையால் எடுக்கவே மாட்டான். அதனால் எப்போதும் நான்தான் முன்னால் போவேன். மூன்று வயது மூத்தவன் மூச்சிரைக்கப் பின்னால் வருவான்.

வீட்டில் அத்தா சும்மா இருப்பாரா? "தம்பியப் பாரு, நீயும்தான் ஓட்டற. பொண்ணாட்டம்!" என்று எல்லோர் முன்னாலும் குத்துவார். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வான்.

ஒருநாள் செயினுக்கு எண்ணெய் விட்டபடி அவன் கேட்டான். "ஏன் கண்ணு, உனக்கு மட்டும் எப்புடி மூச்சு வாங்க மாட்டேங்குது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடி விழும், அவ்வளவுதான். ஆனால் அவன் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனசில்லை.

"கஞ்சி குடிக்காதண்ணே. வயிறு காலியா இருந்தா ஒடம்பு லேசா இருக்கும். நான் பாதி நாள் மாட்டுக்கு ஊத்திட்டுத்தான் வர்றேன்" என்றேன். வாய் கூசவில்லை.

மறுநாளிலிருந்து அவன் கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றினான். அம்மாவுக்குத் தெரியாமல், ஒரு வாரம்.

கொட்டச்சேடு போகிற நாள். நல்ல பனி, எதிரே பஸ் வந்தாலும் சத்தம்தான் முதலில் வரும். மேட்டின் உச்சிக்கு நான் முதலில் ஏறி, வழக்கம்போல் ஒரு பன்னைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் வந்து சேர வெகுநேரம் ஆனது. அந்தக் குளிரிலும் சட்டை முழுக்க வியர்வை. பேச்சு குழறியது.

"நொம்ப தல சுத்துது கண்ணு. கண்ணு ரெண்டும் மங்குது."

என் பெட்டி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு பன்னை எடுத்து அவன் வாயில் திணித்திருந்தால் போதும். பெட்டியைத் திறந்தால் மேலடுக்கில் ஒரு பன் குறைவது தெரிந்துவிடும். பசிக்குத் தின்னச் சொன்னால் நான் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளியே வரும். இவ்வளவையும் யோசித்தேன், பாவி, ஒன்றுவிடாமல் யோசித்தேன்.

"இனி எறக்கந்தானேண்ணே. மிதிக்கக்கூட வேண்டாம், போயிடலாம்" என்றேன்.

அவன் என் பேச்சைக் கேட்டான். எனக்கு முன்னால் போனதில் அவனுக்குச் சந்தோஷம் இருந்திருக்குமோ என்னவோ. வளைவில் பிரேக் பிடிக்கவே இல்லை, திருப்பவும் இல்லை. நேராகப் போய் சில்வர் ஓக் மரத்தில் மோதினான். எஸ்டேட் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம். ஏற்காடு வருவதற்குள் என் மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் அண்ணன் மய்யித்தை அடக்கிவிட்டு வந்தபோது, யாரோ அவன் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தார்கள். மூடி நெளிந்திருந்தது. அத்தா அதை நெம்பித் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ஐம்பது.

"ஒண்ணுகூடக் கொறையல! பாத்தீங்களா, எம்பையன் ஒண்ணுகூடத் தொடல!" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டி அழுதார். என் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். அதில் ஒரு பன்னை எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடினார்.

"நீயும் நேத்து காலைலேருந்து பட்டினிதானே சாமி. தின்னு."

பசித்தது. தின்றேன்.