ஹகினுவ், ஒரு கடி பாண்

நோர்வேயில், ஸ்டோவ்னரில் என்னோடு வீடு பகிர்ந்தவள் பஷ்கீர்க்காரி. ரஷ்யாவின் ஊஃபா நகரத்திலிருந்து படிக்க வந்தவள். தாயோடு தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் அவள் வாயில் ஒரே வினைச்சொல் வரும்: ஹகினுவ். மொழியியல் படிக்கிற எனக்கு இது போதாதா? அன்றே அதைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கினேன்.

இன்றைக்கு அதன் பொருள், பக்கத்தில் இல்லாதவருக்காக ஏங்குவது. பஷ்கீர் மொழிக்கு மூலமான பழைய துருக்கி மொழியில் அதன் வேருக்கு நினைப்பது என்றுதான் பொருள். நினைத்து நினைத்துக் கவலைப்படுவதும் அதற்குள் உண்டு. முன்னால் இருந்த சகரத்தைப் பஷ்கீர்கள் ஹகரமாக்கிவிட்டார்கள். துருக்கிக்காரர்களிடமோ அதே சொல் ‘கவனம்’ என்று எச்சரிக்கிறது.

“எங்கடை வீட்டிலயும் அப்பிடித்தான். ‘யோசிக்காதை’ எண்டால் கவலைப்படாதை எண்டு அர்த்தம்,” என்றேன்.

“அப்ப உன்ரை அம்மா பெரிய சிந்தனையாளர்,” என்றாள். கதைத்தது நோர்வே மொழியில். எனக்குள் அது தமிழாகவே தங்கிவிட்டது.

இந்த வசந்தத்தில் அவளுடைய வதிவிட அனுமதி நீட்டிக்கப்படவில்லை. போகிற காலையில் ஒரு துண்டுப் பாணைக் கடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் தந்தாள். பயணம் போகிறவர் கடித்த பாணை வீட்டில் வைத்திருந்தால், மிச்சத்தைத் தின்ன அவர் திரும்பி வருவார். அவர்களுடைய வழக்கம் அது.

“வந்து முடிக்கிறன். எறிஞ்சுபோடாதை.”

தட்டில் வைத்துவிட்டு அவளை வழியனுப்பப் போனேன். திரும்பி வந்தபோது நகரின் மறுகோடியில் இருக்கும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து அம்மா சோறு கறியோடு வந்திருந்தார். அவரிடமும் ஒரு சாவி இருக்கிறது. குசினி துப்புரவாக இருந்தது. தட்டும் கழுவியாகிவிட்டது.

“அம்மா, இதில பாண் இருந்ததெல்லே?”

“ஆரோ கடிச்ச எச்சில். பச்சைப் பையுக்கை போட்டிட்டன்.”

விசயத்தைச் சொன்னேன். நான் குடித்த கோப்பையில்கூட வாய் வைக்காத மனுசி, சாப்பாட்டுக் கழிவுப் பையின் முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டார். ஒட்டியிருந்த தேயிலைச் சக்கையைத் தட்டி, பாணைத் தாளில் சுற்றி, உறைபெட்டியில் மீன் பொதிகளுக்கு மேல் வைத்தார்.

“அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லாதை. பாவம், யோசிக்கும்.”

அவள் ஊஃபாவிலிருந்து அழைத்தபோது நான் சொல்லிவிட்டேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கடிச்ச அடையாளம் தெரியுதோ?”

“ஓம். பல்லுக்கூடத் தெரியுது.”

“அப்ப சரி.”

மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள், பதில் இல்லை. அவளுடைய அறைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். வா என்று அழைக்கிற அதிகாரம் என்னிடம் இல்லை. ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் முடிக்கும்போது ‘ஹகின்டிம்’ என்கிறேன், உன்னை நினைத்து ஏங்கிப்போனேன் என்று. அவள் என் உச்சரிப்பைத் திருத்துகிறாள். நான் இன்னொருமுறை சொல்கிறேன்.