கடைசித் தோணிக்கு ஒரு வர்ணனை

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டுக்குத் திருகோணமலை உட்துறைமுகக் கரையில் தோணிப் போட்டி நடந்தது. அடுத்த கிழமை எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் மாறலாம், போனாலும் போகலாம் என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. கண்ணில் படுவதையெல்லாம் கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்லுவேன். குசினியில் மீன் வெட்டினாலும் வர்ணனை, கணவர் மூக்குக்கண்ணாடி தேடினாலும் வர்ணனை. “இஞ்சேரும், வாயை மூடிக்கொண்டு கறியைப் பாரும்” என்பார் அவர். ஒருநாளாவது மைக்கில் பேசவேண்டும் என்று ஆசை. பிள்ளைகள் வளரட்டும், வேலை ஓயட்டும் என்று தள்ளித் தள்ளியே ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது.

அன்றைய அறிவிப்பாளர் “பச்சைத் தோணி முன்னுக்கு” என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறென்று மேடையில் ஏறி மைக்கைக் கேட்டேன்.

“ஏலாது அன்ரி, விழாத் தலைவர் என்னை ஏசுவார்.”

“தம்பி, அடுத்த கிழமை எனக்குத் தொண்டையில ஆபரேஷன். பிறகு கதைக்க ஏலுமோ தெரியாது. இந்த ஒரு ஓட்டம் மட்டும் தாங்கோ.”

தந்துவிட்டார்.

முதல் வசனம் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. பச்சைத் தோணியை விட்டுவிட்டு, கடைசியில் தள்ளாடி வந்த மஞ்சள் தோணியைப் பிடித்தேன். அதில் எங்கள் தெரு மாமனும் மருமகனும். ஒருவர் துடுப்பு உள்ளே போனால் மற்றவர் துடுப்பு வெளியே வருகிறது.

“மாமன் ஒரு பக்கம், மருமோன் ஒரு பக்கம்! சீதனக் கதை இன்னும் முடியேல்ல போல!”

கரையே சிரித்தது. பிறகு “இழு மாமா! இழு மருமோன்!” என்று தாளம் பிடித்தேன். கூட்டம் முழுக்க என்னோடு சேர்ந்து கத்தியது. அந்தத் தாளத்துக்கு இரண்டு துடுப்பும் ஒன்றாக விழ, தோணி சீறிக்கொண்டு வந்து மூன்றாவதாகக் கரை தட்டியது. முதலாவதாக வந்தவர்களைத் திரும்பிப் பார்க்க ஒருவரும் இல்லை. என் கணவரோ, “அது என்ர மனுசி” என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. குரல் கரகரத்துப் போனாலும், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மைக் என் கையில்தான். அன்றைக்கு வெட்கப்பட்டுக் கரையிலேயே நின்றிருந்தால், நல்ல குரல் இருந்த காலமெல்லாம் ஊமையாகவே வாழ்ந்து முடித்திருப்பேன்.