பதினோராம் பீல்டில் ஒரு கிரேக்கப் பெண்

சுருளியண்ணன் கோடாலியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, "இந்த மரத்துல நான் ஏறலை" என்றார். பின்னால் நின்ற அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். போடிமெட்டுப் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

மலை எஸ்டேட்டுகளுக்குப் புதிதாக வரும் பீல்டு ரைட்டர்களுக்காக, அதாவது ஆட்களை வேலை வாங்கிக் கணக்கு எழுதுகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன். மூன்று வருஷ சர்வீஸ்காரன் அனுபவக் குறிப்பு எழுதலாமா என்று கேட்பீர்கள். நான் செய்த தப்புகள் முப்பது வருஷ சர்வீஸுக்குப் போதும்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம். மதுரையில் இண்டர்மீடியட் முடித்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. மேனேஜர் ஐயா சொல்லியிருந்தார்: "மழை இறங்குறதுக்குள்ள பதினோராம் பீல்டு நிழல் கவாத்தை முடிச்சிரு, கன்பர்மேஷன் லெட்டர் தர்றேன். முடிக்கலைன்னா போடி பஸ்சுல ஏறிரு."

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் நிழல் அதிகமானால் தூர் அழுகிவிடும். அதனால் மழைக்கு முன்பே உயர்ந்த மரங்களில் ஏறிக் கிளை கழிக்க வேண்டும். எந்த மரங்களைக் கழிப்பது என்று மேனேஜர் ஐயாவே சுண்ணாம்பில் மார்க் போட்டிருந்தார். மேட்டிலிருந்து வரிசையாக இறங்கி வருவதுதான் முறை. முதல் மரத்தில் வெட்டு விழாமல் சுருளியண்ணன் ஆட்கள் அடுத்த மரத்தில் கால் வைக்க மாட்டார்கள்.

அவர் ஏற மாட்டேன் என்றது அந்த முதல் மரத்தில். காரணம் நான்.

1. கஞ்சி நேரத்துக் கதை

அதற்கு முந்தின வாரம் அதே பீல்டில் பெண்கள் களையெடுத்தார்கள். கஞ்சி நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். கல்லூரி லைப்ரரியில் படித்ததெல்லாம் தொண்டையில் நின்றது.

"கிரேக்க தேசத்துல நிம்ஃப்னு சொல்லுவாங்க. நம்ம கன்னிமார் மாதிரி" என்று ஆரம்பித்தேன்.

"ஏழு பேரா?" என்றார் பேச்சியக்கா. பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி.

"அங்க எண்ணிக்கையே கிடையாதுக்கா. ஊத்துக்கு ஒருத்தி, மலைக்கு ஒருத்தி, மரத்துக்கு ஒருத்தி."

"எம்புட்டுப் பொங்கல் வைக்கிறது!"

அரெதூசாவைச் சொன்னேன். ஒரு நதி ஆணாக வந்து துரத்த, அவள் ஊற்றாகி மண்ணுக்குள் மறைந்தாள். சிரிங்ஸைச் சொன்னேன். ஆட்டுக்கால் தெய்வம் ஒன்று துரத்த, அவள் நாணலானாள். அவன் அந்த நாணலை அறுத்துக் குழல் செய்து ஊதினான்.

பேச்சியக்கா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். "எல்லாக் கதையிலயும் ஒருத்தி ஓடுறா, ஒருத்தன் துரத்துறான். அந்த ஊரு ஆம்பளைகளுக்கு வேற சோலியே இல்லையா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அத்தோடு எழுந்திருக்க வேண்டும். டாப்னி கதையில் இறங்கினேன். சூரிய தெய்வம் துரத்துகிறான். ஓட முடியாமல் அவள் தன் தகப்பனான ஆற்றைக் கூப்பிடுகிறாள். ஓடின கால் வேராகிறது, கை கிளையாகிறது, முடி இலையாகிறது. சொல்லும்போது கை சும்மா இருக்குமா? மேட்டில் முதலாவதாக நின்ற சந்தனவேம்பு மரத்தைக் காட்டினேன். அது சரிவைப் பார்த்துச் சாய்ந்து, இரண்டு கிளைகளை மேலே தூக்கிக்கொண்டு, ஓடுகிற பெண் மாதிரியே இருந்தது. "இந்தா, இதே மாதிரிதான்!"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். கதை எடுபட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில், அப்படிப்பட்ட மரத்தை வெட்டியவனுக்கு அடங்காத பசி பிடித்து, கடைசியில் தன் உடம்பையே அவன் கடித்துத் தின்ற கதையையும் சேர்த்தே சொல்லி வைத்தேன்.

சுருளியண்ணன் பேச்சியக்காவின் கூடப் பிறந்தவர். கதை சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

2. கேட்டுப் பார்க்கிற முறை

"அண்ணே, அது கதை. வெரசா ஏறுங்க" என்றேன் சுருளியண்ணனிடம்.

"கதைன்னா எதுக்கு மரத்தைக் காட்டுன அப்பு?"

படித்தவனுக்கு வழியா இல்லை? "முழுக் கதையையும் கேளுங்க. அவ மரமானதுக்கு அப்புறம் அந்தச் சூரிய தெய்வமே அவ கிளையை ஒடிச்சுத் தலையில சூடிக்கிட்டான். கிளை ஒடிச்சாக் குத்தமில்லை."

கீழ் வரிசையில் களை கொத்திக்கொண்டிருந்த பேச்சியக்கா நிமிர்ந்தார். "அவன் தொடக் கூடாதுன்னுதானே அவ மரமானா? அவளைக் கேட்டா ஒடிச்சான்?"

"மரம் தலையாட்டுச்சாம்."

"காத்தடிச்சா ஆடத்தான் செய்யும். அதைச் சம்மதம்னு சொல்லிக்கிட்டானாக்கும்?"

நான் போடிமெட்டுப் பக்கத்து மேகத்தைப் பார்த்தேன்.

சுருளியண்ணன்தான் வழி சொன்னார். சந்தேகமான மரம் என்றால் அவர்கள் வழக்கம் இது: கோடாலியை அடிமரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது கோடாலி நின்றால் மரத்துக்குச் சம்மதம். விழுந்து கிடந்தால் இல்லை. சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் ஓடைக்கு இறங்கினோம்.

கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் மேடேறிப் போய்ப் பார்த்தேன். கோடாலி விழுந்து கிடந்தது.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. எடுத்து நிமிர்த்தி வைத்தேன். நன்றாக அழுத்தியே வைத்தேன்.

"நிக்குதா தம்பி?"

களைக்கொத்தை மறந்துவிட்டுப் போன பேச்சியக்கா, அதை எடுக்க வந்திருந்தார்.

"நிக்குதுக்கா."

"நீ நிமித்துனதையும் பாத்தேன்."

"காத்துக்கு விழுந்திருக்கும்கா. மரத்துக்குள்ள யாரும் கிடையாது."

"எங்களுக்கு என்ன தெரியும்? நீதான் இருக்கான்னு சொன்ன. சொன்னவனே நம்பலையாக்கும்?" களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தச் சூரியசாமியாவது ஆடுன மரத்தைச் சம்மதம்னான். நீ மாட்டேன்னவளையே சரின்னுட்டதாச் சொல்ல வந்துட்ட. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். கோடாலி நின்னாலும் சுருளிக்கு உன் கதை மறக்காது. அம்பது அடி மேல நிக்கும்போது சுருளிக்குக் கை நடுங்குனா, நீ பாத்துக்க."

அவர் போய்விட்டார். சுருளியண்ணன் கயிறு கட்டாமல் ஏறுகிறவர். பயந்த மனசோடு ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்க அரை நிமிஷம் போதும். லெட்டரை நினைத்து இன்னொரு அரை நிமிஷம் நின்றேன். பிறகு கோடாலியை எடுத்து, கிடந்த இடத்திலேயே போட்டேன்.

ஆட்கள் வந்தார்கள். சுருளியண்ணன் கோடாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரைட்டர் தம்பி, மார்க்கை நீதான் அழிக்கணும். மார்க் இருக்குற மரத்தைத் தாண்டி எங்களால போக முடியாது."

மேனேஜர் ஐயா கையால் போட்ட மார்க். ஈரத் துண்டால் துடைத்தேன். ஒரே துடைப்பில் போகவில்லை. சுண்ணாம்பு பட்டைக்குள் ஏறியிருந்தது. பேச்சியக்கா ஒரு கை தேங்காய் நாரைக் கொண்டுவந்து நீட்டினார். "நல்லாத் தேயி தம்பி. பொண்ணுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கே!"

அதற்குப் பிறகு ஆட்கள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். மூன்று நாள் வேலை இரண்டே நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மழை இறங்கியது.

3. மேனேஜர் ஐயா

ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவர் கண்ணில் பட்டது அந்த ஒரு மரம்தான்.

"மார்க் போட்டேனே?"

மழை அழித்துவிட்டது என்று சொல்ல நல்ல வசதி இருந்தது. பேச்சியக்கா பக்கத்திலேயே நின்றார். ஒன்றுவிடாமல் சொன்னேன், டாப்னியில் ஆரம்பித்து.

அவர் குடையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். "கிரீஸ் தேசத்துப் பொண்ணுக்கு நம்ம எஸ்டேட்டுல யாருய்யா வேலை போட்டுக் குடுத்தது?"

ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பஸ்சுல ஏத்தலை. ஆனா லெட்டர் அடுத்த வருசம்தான். அந்த மரத்தடித் தூர்ல அழுகல் வந்தா நீயே மருந்தடிக்கிற. ஆள் கேக்கக் கூடாது."

வந்தது. அந்த ஆடி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறினேன். ஒன்பது தூர் போயிற்று, மற்றதெல்லாம் தப்பியது. சந்தைக்குப் போகிற பெண்கள் பாதையில் நின்று, "என்ன தம்பி, மாமியார் வீட்டுல சோலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அடுத்த வருஷம் லெட்டர் வந்தது. மார்க் போடும் வேலையும் இப்போது என்னுடையது. நான் கற்றுக்கொண்டதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்: கதையை வெறுங்கையோடு சொல்லுங்கள், எதையும் சுட்டிக் காட்டாதீர்கள். சுண்ணாம்பைத் தொடுமுன் ஏறப்போகிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் சுருளியண்ணனைக் கேட்காமல் ஒரு மார்க்கும் போடுவதில்லை.

மரத்தையும் கேட்பாயா என்று பேச்சியக்கா கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் ஆள் இல்லாதபோது கேட்பதுண்டு.