கழுவிக் கொட்டிய புகை

கரியாலூர்ப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்த ஆண்டில், என் மாமியார் நைனார்பாளையத்திலிருந்து ஒரு கடிதத்தோடு மலையேறி வந்தார். என் ராஜினாமாக் கடிதம் அது. மாமனார் தம் அழகிய கையெழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். கீழே நான் ஒப்பமிடுவது மட்டுமே பாக்கி. மலையில் தனியாக இருக்கும் மருமகள் எதைத் தின்று பிழைப்பாள் என்பது அவர்கள் வாதம். வேலையை விட எனக்கு மனமில்லை. ஆனால் அத்தையிடம் வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் எவருமில்லை. ஆகவே, பஸ் ஏறும்போது ஒப்பமிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் பஸ் வரவில்லை. இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் சமவெளியில் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். காய்கறியும் வரவில்லை, செய்தித்தாளும் வரவில்லை. மூன்றாம் நாள் என் கூடையில் நான்கு வெங்காயங்கள் மிஞ்சின. அத்தை அவற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் வாதாட வேண்டியிருக்கவில்லை.

அன்று காலை பக்கத்து வீட்டு மலைக்காரப் பெண், ஒரு மடி பண்ணைக்கீரையும், மழைக்காலம் முழுவதும் தன் அடுப்புக்கு மேல் தொங்கிய ஆட்டுக்கறித் துண்டம் ஒன்றும் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனார். துண்டம் கரியாக இருந்தது.

"இன்னாடி இது, செருப்பு வாரு மாதிரி கீது?" என்றார் அத்தை.

கறியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசும் ஊர் எங்களுடையது. நான் ஐந்து தண்ணீரில் அலசினேன். அத்தைக்கு அதுவும் போதவில்லை. தேங்காய்நாரை எடுத்துக்கொண்டு அவரே உட்கார்ந்தார். எங்களுக்குள் முழு ஒற்றுமை நிலவிய முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். கறி வெளுத்தது. வாசலில் கறுப்புத் தண்ணீர் ஓடியது.

நண்பகலில் திரும்பிய மலைக்காரப் பெண் அந்தத் தண்ணீரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ருசிய எல்லாம் வாசல்ல ஊத்திட்டீங்களே, டீச்சரம்மா."

ஒரு மழைக்காலத்துப் புகையை ஒரே பிற்பகலில் திருப்பி ஏற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது, ஆனாலும் பார்க்கலாம் என்றார். அடுப்பிலிருந்த காய்ந்த விறகை உருவிவிட்டுப் பச்சை விறகைச் செருகினார். மூடியில்லாத சட்டியில் கறியும் கீரையும் சேர்ந்து மெல்லக் கொதிக்க, நாங்கள் மூவரும் மாறி மாறிக் கிளறினோம். வீடு முழுக்கப் புகை. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. வாசல் வழியே போன பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து ஏதாவது சேதி வந்ததா என்று தணிந்த குரலில் கேட்டார். அந்த நாட்களில் சாவுச் சேதியை அப்படித்தான் கேட்பார்கள்.

அத்தை மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமில்லிங்க. கீரை வேவுது."

பொழுது சாய்கையில் கீரை குழைந்து கறியோடு ஒன்றாகிவிட்டது. சாமைச் சோற்றில் பிசைந்து உண்டோம். அத்தை இரண்டாம் முறை தட்டை நீட்டினார். மூன்றாம் முறை சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பஸ் ஓடத் தொடங்கிய அன்று நான் பேனாவோடு நின்றேன். அத்தை என்னைக் கவனிக்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய், கழுவப்படாத துண்டம் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். அதை மடிக்க வீட்டில் காகிதம் இல்லை. செய்தித்தாள் வந்து ஒரு வாரமாயிற்று. அவர் பையைத் துழாவிக் கடிதத்தை எடுத்து, கறியை அதன் நடுவில் வைத்து, நான்கு பக்கமும் ஒழுங்காக மடித்தார்.

"மாமா கேட்டா இன்னா சொல்லுவீங்க, அத்தை?"

"மொதல்ல துன்னட்டும். அப்பறம் கேக்கட்டும்" என்றபடி பஸ் படியேறினார். பஸ் நகரும்போது ஜன்னலில் தலை நீட்டி, அடுத்த மழைக்காலத்துக்கு இரண்டு துண்டம் சொல்லிவைக்கச் சொன்னார்.